பார்க்க ஒன்றுமில்லாத ஊர்

"நாகப்பட்டினத்தில் பார்க்க என்ன ஐயா இருக்கிறது? ஒன்றும் இல்லை. நேரே வேளாங்கண்ணிக்கு விடுவோம்."

இப்படிச் சொன்னவர் என் நண்பர். நன்றாகப் படித்தவர், நல்ல உத்தியோகத்தில் இருப்பவர், நாலு பேருக்கு உபகாரம் செய்கிற மனுஷர். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. சாப்பாட்டுக் கடையில் "வடை தீர்ந்துவிட்டது" என்று சொல்லுகிற மாதிரி, சாதாரணமாகத்தான் சொன்னார். அப்படிச் சாதாரணமாகச் சொன்னதுதான் என்னை உறுத்தியது. ஆத்திரத்தில் சொல்லியிருந்தால் ஆத்திரம் தணிந்ததும் மாற்றிக்கொள்வார். இதுவோ அவருடைய தீர்மானமான அபிப்பிராயம். அவருடையது மட்டுமல்ல, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் ஓட்டிக்கொண்டு போகிற நம்மில் பத்துப் பேருக்கு எட்டுப் பேருடைய அபிப்பிராயமும் இதுதான். அதனால்தான் ஒரு தனி மனிதரோடு காருக்குள் முடித்துக்கொண்டிருக்க வேண்டிய சண்டையை இங்கே இழுத்து வருகிறேன்.

சென்ற மார்கழியில், பள்ளிக்கூட விடுமுறையில், நண்பர் தம் குடும்பத்தோடு சென்னையிலிருந்து கடற்கரை ஓரமாகவே வேளாங்கண்ணி வரையில் காரில் போய்வரத் திட்டம் போட்டார். பின் ஆசனத்தில் ஓர் இடம் காலி இருந்தது. "நீங்களும் வாருங்கள், எழுதுகிறவருக்கு விஷயம் கிடைக்கும்" என்றார். விஷயம் கிடைத்தது, அவர் நினைத்த விஷயம் அல்ல.

அவருடைய செல்போனில் ஒரு ஜாபிதா இருந்தது. மகாபலிபுரம் ஒன்றரை மணி நேரம். புதுச்சேரி ஒரு ராத்திரி. சிதம்பரம் தரிசனம், அரை மணி. தரங்கம்பாடி முக்கால் மணி. காரைக்கால் அம்மையார் கோயில் கால் மணி. நாகூர் அரை மணி. வேளாங்கண்ணி ராத் தங்கல். ஒவ்வோர் இடம் முடிந்ததும் அவருடைய மகன் அந்தப் பெயருக்கு எதிரே ஓர் அடையாளம் போடுவான். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டையின் மேல் ஏறிக் குடும்பம் முழுவதும் படம் எடுத்துக்கொண்டது. கோட்டைக்குப் பக்கத்திலேயே, பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டு நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். "ஜாபிதாவில் இல்லையே, மாமா" என்றான் பையன். அவன் மேல் தப்பு இல்லை. ஜாபிதாவை நாம்தான் அவன் கையில் கொடுத்தோம்.

அந்த ஜாபிதாவில் நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் நடுவே நாகப்பட்டினம் என்ற பெயரே இல்லை. சாலை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. ஊர் மட்டும் இல்லை.

நண்பருடைய கட்சியையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அவர் சொன்னார்: "எனக்கு வருஷத்தில் நாலு நாள் லீவு. பெட்ரோல் விற்கிற விலையில் வண்டியை எடுத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு எதையாவது கண்ணால் காட்ட வேண்டும். நிற்கிற கோட்டையைக் காட்டலாம், நிற்கிற கோயிலைக் காட்டலாம். நின்று போனதை எப்படிக் காட்டுவது? வெறும் தரையைக் காட்டி, இங்கே முன்னொரு காலத்தில் என்று ஆரம்பித்தால், பையன் காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வான்."

பேச்சில் நியாயம் இருக்கிறது. மனிதனுக்குக் கண் முதல். எனக்கும் கல்லும் சுதையும் பிடிக்கும். ஆனால் 'நிற்பதை மட்டுமே பார்ப்பேன்' என்று ஒருவன் விரதம் எடுத்துக்கொண்டால், அவன் ஓர் ஊரைப் பார்க்கவில்லை. அந்த ஊருக்கு வந்த அதிர்ஷ்டத்தைப் பார்க்கிறான். இடிக்கப்படாமல் தப்பியதும், கடல் கொள்ளாமல் விட்டதும், பழுது பார்க்கப் பணம் கிடைத்ததும்தான் அவன் கண்ணில் படும். ஊர் என்பது இவ்வளவுதானா?

நாகப்பட்டினத்தில் என்ன இருந்தது என்று பார்க்கலாம்.

முதலாம் ராஜராஜன் காலத்தில், கடலுக்கு அப்பால் ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட சைலேந்திர அரசன் ஒருவன் இந்த ஊரில் ஒரு பௌத்த விகாரம் எடுப்பித்தான். தன் தகப்பன் பெயரால் அதற்குச் சூடாமணி விகாரம் என்று பெயர். தஞ்சையில் பெரிய கோயில் எழும்பிக்கொண்டிருந்த அதே காலம். சிவபக்தனான ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சி ஆண்டில், சுமார் 1006-ல், அந்தப் புத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தைக் கொடுத்தான். 97 வேலி நிலம். ஆண்டுக்கு 8,900 கலத்துக்கு மேல் நெல். தகப்பன் வாயால் சொன்னதை மகன் ராஜேந்திரன் செப்பேட்டில் வெட்டுவித்தான். 21 ஏடுகள், ஒரு வளையம், அதன் மேல் சோழ முத்திரை. அந்தச் செப்பேடு டச்சுக்காரர்கள் காலத்தில் கப்பலேறி ஹாலந்துக்குப் போய், லெய்டன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்து, 'லெய்டன் செப்பேடு' என்றே உலகத்துக்குத் தெரியவந்தது. நம் ஊர்ப் பத்திரத்துக்கு அயலூர்ப் பெயர்!

இன்னும் ஒன்று. அப்பன் கொடுத்த தானத்தைச் செப்பேட்டில் ஏற்றிய அதே ராஜேந்திரன்தான் 1025-ல் கப்பற்படையை அனுப்பி ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் அடித்தான். சண்டை வந்தது, ஆனால் விகாரம் போகவில்லை. 1090-ல் முதலாம் குலோத்துங்கன், கடாரத்து அரசன் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி, அதே பள்ளியின் நிலங்களுக்கு மறுபடியும் சாசனம் எழுதிக் கொடுத்தான். பகைவனாகிப்போன நாட்டார் கட்டிய, வேறு மதத்துக் கோயிலை, சண்டைக்குப் பிறகும் காப்பாற்றிய ஊர் இது. இதைப் பையனுக்குச் சொல்லக்கூடாதா? வெறும் தரையில் நின்றுகொண்டு சொன்னால் காதில் ஏறாதா?

யாத்திரை செய்கிறவனுக்கு இலக்கணம் என்ன என்று யாராவது கேட்டால், எனக்கு இரண்டு உதாரணங்கள் உண்டு. இரண்டும் இந்த ஊருக்கே வந்தவை.

ஒருவர் சீனாக்காரர், வாங் தாயுவான் என்று பெயர். 14-ஆம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாக ஏறி நாடு நாடாகச் சுற்றியவர். அவர் எழுதி வைத்த பிரயாண நூலில், சமவெளியில் மரங்கள் சூழ நின்ற ஓர் உயரமான செங்கல் கோபுரத்தைப் பற்றிச் சில வரிகள் இருக்கின்றன. அந்த இடம் நாகப்பட்டினமே என்பது அறிஞர்கள் கொள்கை. அவர் கோபுரத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடவில்லை. அதில் சீன எழுத்தில் இருந்த வாசகத்தைப் படித்து, அது 1267-க்குச் சரியான சீன ஆண்டில் முடிந்த வேலை என்பதையும், தம் நாட்டார் அங்கே வந்து எழுதி வைத்தது இன்னும் அழியவில்லை என்பதையும் குறித்துக்கொண்டார். யார் கட்டினார்கள், எப்போது, எதற்காக என்று மூன்று கேள்வி கேட்டவர் அவர்.

மற்றவர்கள் பர்மா தேசத்துப் பிக்ஷுக்கள். 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பெகு நாட்டு அரசன் தம்மசேதி இலங்கைக்கு அனுப்பிய பிக்ஷுக்களில் ஒரு கூட்டத்தார் ஊர் திரும்பும்போது கப்பல் உடைந்து கரை ஒதுங்கினார்கள். கால்நடையாகவே நாகப்பட்டினம் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் என்ன செய்தார்கள்? பழைய ஆராமம் ஒன்று இருந்த இடத்தைத் தேடிப் போனார்கள். கவனியுங்கள், ஆராமத்தை அல்ல. அது இருந்த இடத்தை. அங்கே இருந்த ஒரு புத்தர் உருவத்தை வணங்கினார்கள். கல்யாணிக் கல்வெட்டில் இது பதிவாகியிருக்கிறது. கப்பல் உடைந்து, கட்டிய துணியோடு வந்தவர்களுக்கு, பார்க்க ஒன்றுமில்லாத இந்த ஊரில் பார்ப்பதற்கு ஒன்று இருந்தது. குளிர்சாதனக் காரில் வந்த நமக்கு இல்லை.

அந்தக் கோபுரம் என்ன ஆயிற்று என்பதுதான் அடுத்த கதை.

நாகப்பட்டினத்துக்கு வடக்கே, நாகூர் போகிற வழியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்கூட ஒரு கோபுரம் நின்றது. ஊரார் அதைப் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். ஐரோப்பியர்கள் சீனக் கோயில் என்றார்கள். அது சூடாமணி விகாரத்தின் மிச்சமா, சீனர்கள் எழுப்பியதா என்று படித்தவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். 1846-ல் வால்ட்டர் எலியட் என்ற ஆங்கில அதிகாரி அதைப் போய்ப் பார்த்தார். சதுரமான கட்டடம், மூன்று நிலை, சுண்ணாம்புக் கலவை இல்லாமலே நெருக்கமாக அடுக்கிய செங்கல், ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஒரு திறப்பு. கரைக்கு வரும் கப்பல்களுக்கு அதுதான் அடையாளம். புதுச்சேரியிலிருந்து வந்த ஜெசூயிட் பாதிரிமார்கள் அந்தப் பக்கத்தில் இடம் பெற்றுக் கல்லூரி நடத்தினார்கள். கோபுரத்தை இடித்துக்கொள்ள அனுமதி கேட்டார்கள். முதலில் கிடைக்கவில்லை. மறுபடியும் கேட்டார்கள். 1867 ஆகஸ்டில் சென்னை அரசாங்கம் சரி என்றது. கோபுரம் போயிற்று.

இந்த இடத்துக்கு வந்ததும் சிலருக்கு மீசை துடிக்கும். "பார்த்தீர்களா, வெள்ளைக்காரன் செய்த அக்கிரமத்தை! பாதிரிகள் செய்த கொடுமையை!" என்று எழுந்து நிற்பார்கள். உட்காருங்கள், ஐயா. நடந்தது அக்கிரமந்தான், சந்தேகமில்லை. எலியட் போன்ற ஒரு சிலர் அப்போதே அதை மதித்தார்கள் என்பதும், சர்க்கார் ஒரு தரம் மறுத்துவிட்டுப் பிறகு இணங்கியது என்பதும், தெரியாமல் செய்த காரியம் அல்ல என்பதற்குச் சாட்சி. ஆனால் உங்களைப் பார்த்து ஒரு கேள்வி. அனுமதி கேட்டு மனுப் போட்டவர்களுக்கு எதிராக, 'இடிக்காதே' என்று மனுப் போட நம்மவர்கள் எத்தனை பேர் கிளம்பினார்கள்? அந்தக் கோபுரத்துக்கு விளக்கேற்ற ஆள் இல்லாமல் போய் எத்தனை தலைமுறை ஆகியிருந்தது? பக்கத்தில் ஓர் இலுப்பை மரத்தை 1856-ல் வெட்டியபோது அதன் அடியில் புத்தர் படிமங்கள் கிடைத்தன. பிறகு 1930-கள் வரையில் இந்த ஊர் மண்ணிலிருந்து சுமார் 350 வெண்கலப் படிமங்கள் வெளியே வந்தன. அவற்றைப் பூமிக்குள் வைத்தவர்கள் ஏதோ ஆபத்துக்குப் பயந்து வைத்திருக்கலாம். அங்கே வைத்தோம் என்பதையே மறந்தது யார்? பாதிரியா மறந்தார்?

எதிரே இன்னொரு சாட்சியும் நிற்கிறது. அதே சாலையில் கொஞ்ச தூரம் வடக்கே போனால் நாகூர் தர்கா. ஐந்து மினாராக்கள். அவற்றில் பெரியது 131 அடி. கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். ஓர் இந்து ராஜா ஒரு முஸ்லிம் மகானுக்குக் கட்டியது இன்றைக்கும் நிற்கிறது. ஏன் நிற்கிறது? அதற்கு வருஷா வருஷம் ஆட்கள் வருகிறார்கள். கந்தூரிக்குக் கொடி ஏறுகிறது. நேர்ந்துகொண்டவன் நேர்ந்ததைக் கொண்டுவந்து செலுத்துகிறான். அந்த மினாராவை இடிக்கிறேன் என்று எந்தக் கலெக்டரிடமும் எவனும் மனு எடுத்துக்கொண்டு போக முடியாது. ஒரு கட்டடத்தைக் காப்பது சட்டம் மட்டுமல்ல. அதனிடம் வேலை உள்ள மனிதர்கள். புதுவெளிக் கோபுரத்திடம் கடலில் வந்த மாலுமிக்கு மட்டுமே வேலை இருந்தது. கரையில் இருந்தவனுக்கு வேலை இல்லை. அவனுக்கு அது 'பார்க்க ஒன்றுமில்லாத' கோபுரம். இடிப்பதற்கு வெகு காலம் முன்பே நாம் அதை இடித்துவிட்டோம். 1867-ல் செங்கல்லை அப்புறப்படுத்தியதுதான் மிச்ச வேலை.

இந்தக் குற்றத்தில் கதை எழுதுகிற என் ஜாதிக்கும் பங்கு உண்டு. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரையில் தொடராக வந்தது. காய்ச்சலில் கிடக்கும் இளவரசர் சூடாமணி விகாரத்தில் பிக்ஷுக்களின் வைத்தியத்தில் பிழைக்கிறார். கதைக்கு அது அழகு. கல்கிக்கு அதற்கு உரிமையும் உண்டு. உண்மையில் அந்த விகாரம், இளவரசர் அரசராகிக் கிரீடம் சூடிப் பல வருஷம் கழித்துக் கட்டப்பட்டது. நாவலாசிரியர் கற்பனை செய்யலாம். வாசகர் அந்தக் கற்பனையோடு நின்றுவிடலாமா? 2022-லும் 2023-லும் அந்த நாவல் இரண்டு பாகமாகத் திரைப்படமாகவும் வந்தது. அன்றைக்கு நான் ஊருக்குள் ஐந்து பேரிடம் புதுவெளிக் கோபுரம் இருந்த இடம் எது என்று கேட்டேன். மூன்று பேர் தெரியாது என்றார்கள். நாலாமவர் இளைஞர், முகம் மலர்ந்து, "அருள்மொழிவர்மர் படுத்திருந்த இடந்தானே?" என்று கேட்டு, படத்தில் அந்தக் காட்சி எப்படி இருந்தது என்று விஸ்தாரமாகச் சொன்னார். ஐந்தாமவர் டீக்கடையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த பெரியவர். "அந்தப் பக்கம் என்பார்கள்" என்று வடக்கே கையைக் காட்டிவிட்டு, "ஏன், இடம் வாங்கப் போகிறீர்களா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், அவர் கேள்வியில் தப்பே இல்லை. இந்த ஊரில் ஒரு காலி மனையைப் பற்றி அயலூரான் ஒருவன் விசாரித்தால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்? நாம் அவரை அப்படித்தானே பழக்கியிருக்கிறோம்?

இவ்வளவு பேசிவிட்டு, நண்பரையும் பிடிவாதமாக வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஏதோ நான் மட்டும் ஞானி என்று நின்றேனா? நின்றேன், அந்தக் கர்வமும் அன்று சாயங்காலம் இறங்கிற்று. அதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இந்தச் சண்டையில் நான் யோக்கியன் இல்லை.

ஊரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே துறைமுகத்தின் பக்கம் போனோம். இந்தத் துறையிலிருந்துதான், ரப்பர் தோட்டத்துக்கும் ரயில்பாதை வேலைக்கும், ஆயிரம் ஆயிரமாகத் தஞ்சாவூர்ச் சீமைக் கூலி ஜனங்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினார்கள். 'ரஜூலா' கப்பல் 1970-களின் தொடக்கம் வரையில் இங்கே வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. மலாயாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கேட்டால், தாத்தா கடைசியாகப் பார்த்த இந்திய மண் நாகப்பட்டினம் என்று சொல்வதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. 1861-ல் இங்கிருந்து தஞ்சாவூருக்கு ரயில் போட்டார்கள். பிறகு ரயில்வேத் தொழிற்சாலை பொன்மலைக்குப் போயிற்று, கப்பல் நின்றது, ஊர் இளைத்தது. 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் மறுபடியும் தொடங்கியபோது, அந்தச் சேதியைப் படித்து எனக்குத் தொண்டை அடைத்தது. இதையெல்லாம் பையனுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். அவன் காருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளவில்லை என்பதை நண்பர் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும். "தாத்தாவெல்லாம் டிக்கெட் இல்லாமலா போனார்கள், மாமா?" என்று கேட்டான். கேள்வி பிறந்துவிட்டது, அது போதும்.

கடுவையாற்றுக்கு அப்பால் அக்கரைப்பேட்டை. மீன் ஏலம் முடிந்து கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூடை கழுவிய அம்மாள் ஒருத்தி, அறுபது வயசுக்கு மேல் இருக்கும், என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னாத்தப் பாக்க வந்தீங்கய்யா?"

"சும்மாதான், அம்மா. கடலைப் பார்க்கலாம் என்று."

"கடலு எங்கயும்தான் கெடக்கு. சுனாமியப் பாக்க வந்தீங்களோன்னு கேட்டேன். அந்த வருசமெல்லாம் வேன் வேனா வந்து பாத்தாங்க. எங்க வூடு இருந்த எடம் எதுன்னு எங்கிட்டயே கேட்டு, அங்கயே நின்னு போட்டா புடிச்சாங்க. செத்துப் போனதுங்க பேரு என்னான்னு ஒருத்தரும் கேக்கல."

2004 டிசம்பர் 26. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். எனக்கு அந்த எண்ணிக்கை தெரியும். சூடாமணி விகாரத்துக்குக் கொடுத்த நெல்லின் கலக் கணக்குத் தெரிந்த மாதிரியே இதுவும் தெரியும். அந்த அம்மாளுக்கு எதிரே நின்றபோது, இரண்டும் ஒரே அலமாரியில் நான் அடுக்கி வைத்திருக்கிற சரக்கு என்பது புரிந்தது. என் நண்பர் கோட்டையைச் சேகரிக்கிறார். நான் இடிபாட்டைச் சேகரிக்கிறேன். அவர் ஜாபிதாவை செல்போனில் வைத்திருக்கிறார். நான் மண்டைக்குள் வைத்திருக்கிறேன். வித்தியாசம் இவ்வளவுதானா என்று ஒரு நிமிஷம் கூசிப்போனேன்.

பேரைக் கேட்டேன். சொன்னாள். இரண்டு பேர்கள். சின்னப் பிள்ளைகள். அவற்றை இங்கே எழுதமாட்டேன். பத்திரிகையில் போடுவதற்காக அவள் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, "ஒக்காருங்க, டீ சொல்றேன்" என்றாள். காரில் இருந்த நண்பர் இறங்கி வந்தார். அவரும் கேட்டுக்கொண்டு நின்றார். ஒன்றும் பேசவில்லை. வேளாங்கண்ணிக்கு அன்று நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ராத்திரி ஒன்பது மணி.

நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான். ஒன்றுமில்லாத இடத்தில் நின்று, 'இங்கே என்ன இருந்தது, யார் இருந்தார்கள்' என்று கேட்காதவன் எங்கே போனாலும் ஒன்றையும் பார்ப்பதில்லை. கோபுரம் இருந்த தரைக்கும் அதுதான் நியாயம். அந்த அம்மாளின் வீடு இருந்த தரைக்கும் அதுதான். கேட்காமல் படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் அவளிடம் செய்த குற்றமும், கேட்காமல் கடந்து போகிறவர்கள் அந்த ஊருக்குச் செய்கிற குற்றமும் ஒரே ஜாதி. டச்சுக்காரர்கள் இந்த ஊரை 1658-ல் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்து, 1690-ல் சோழ மண்டலக் கரைக்கே தங்கள் தலைநகராக்கி, ஒரு கோட்டை கட்டினார்கள். அவர்கள் பாஷையில் அதற்கு 'ஐம்புலன்' என்று அர்த்தமாகும் பெயர். 1781-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். டச்சுக்காரனுக்கு ஐந்து புலன் இருந்தது. பிரயாணம் கிளம்பும் நாம் கண் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, காதையும் வாயையும் வீட்டில் பூட்டிவிட்டு வருகிறோம்.

இனி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: கோபுரத்தை மறுபடியும் கட்டச் சொல்லவில்லை. தயவுசெய்து கட்டிவிடாதீர்கள். சிமெண்டில் ஒரு பொம்மைக் கோபுரம், ராத்திரி கலர் விளக்கு, ஒலிபெருக்கியில் ராஜராஜன் பேசுகிற குரல், வாசலில் நுழைவுச் சீட்டு, இவையெல்லாம் இருந்ததையும் சேர்த்து மறக்கடிக்கிற வழி. நான் கேட்பது ஒரு கல். இடுப்பு உயரம் போதும். 'இங்கே ஒரு கோபுரம் நின்றது. கடலில் வந்தவர்களுக்கு வழி காட்டியது. 1867-ல் இடிக்கப்பட்டது' என்று நல்ல தமிழில் மூன்று வரி. அன்றைக்குத் தேடிப் பார்த்ததில் அப்படி ஒன்று என் கண்ணில் படவில்லை. இந்த ஊர் மண்ணில் கிடைத்த புத்தர்களில் பெரும் பகுதி எழும்பூர் மியூசியத்துக்குப் போயிற்று. 1954-ல் அவற்றைப் பற்றித் தனிப் புத்தகமே அந்த மியூசியம் வெளியிட்டது. அவற்றில் பத்தைத் தகுந்த காவலோடு பிறந்த ஊருக்கு அனுப்பினால் எழும்பூர் ஏழையாகிவிடாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடந்து போய்ப் பார்க்கிற தூரத்தில் அவை இருக்க வேண்டும்.

சர்க்காருக்குச் சொன்னது இவ்வளவு. காரில் போகிற உங்களுக்குச் சொல்வது இன்னும் சுருக்கம். ஜாபிதாவில் ஓர் ஊரைக் குறையுங்கள். அந்த நேரத்தை இன்னோர் ஊரில் கழியுங்கள். இறங்கி, அந்த ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, கேளுங்கள். அவர் பதில் சொல்லாமல் இருக்கவும் உரிமை உண்டு. அதையும் மரியாதையாக ஏற்றுக்கொள்ளுங்கள். 'நேரமில்லை' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கப்பல் உடைந்து வந்த பர்மா பிக்ஷுக்களுக்கு நேரம் இருந்தது.

நண்பர் இதை அச்சில் படிப்பார். கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நினைக்கிறேன். ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து அவரே டெலிபோனில் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் விடுமுறையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்களாம். பையன் மகாபலிபுரத்தை ஒரு வரியில் முடித்துவிட்டு, மீதிப் பக்கம் முழுவதும் நாகப்பட்டினத்தைப் பற்றி எழுதியிருக்கிறானாம்.

"என்ன எழுதியிருக்கிறான்?" என்று கேட்டேன்.

"அந்த அம்மாள் வாங்கிக் கொடுத்த டீயைப் பற்றி" என்றார் நண்பர். கொஞ்சம் நிறுத்தி, "கப்பலைப் பற்றியும் எழுதியிருக்கிறான். டிக்கெட் யார் எடுத்தார்கள் என்று என்னைப் போட்டுத் துளைக்கிறான். அதை நீங்களே வந்து சொல்லிவிடுங்கள்" என்றார்.